ஒரு வருஷமும் ஒரு நாளும்

அந்தக் காலத்தில் நண்டு பேசும். கொக்கும் பேசும், ஆடும் பேசும், ஆனால் அவையெல்லாம் கேட்டால்தான் வாய் திறக்கும். நண்டு அப்படியில்லை, கேட்காததற்கும் பதில் சொல்லும். கொழுப்பு இருந்தது உடம்பிலா வாயிலா என்று சந்தேகம் வருகிற அளவுக்குப் பேசும். ஹெய்ட்டித் தீவின் மலைக்காட்டில் ஒரு சுனை. அந்தச் சுனையின் கரையில் வளை தோண்டிக்கொண்டு அப்படி ஒரு நண்டு குடியிருந்தது. பாதி நேரம் தண்ணீருக்குள், பாதி நேரம் கரையில். அதனால் உள்ளே நடப்பதும் வெளியே நடப்பதும் அதற்கு அத்துப்படி.

அந்தத் தீவின் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மனிதர் செத்தால் ஆவி மேலே போகாது, தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீருக்கும் அடியில் கினே என்றொரு ஊர் இருக்கிறது. பாட்டன், பூட்டன், கப்பலில் சங்கிலி போட்டு ஏற்றிவரப்பட்டவர்கள், வழியிலேயே கடலில் போனவர்கள், எல்லாரும் அங்கேதான் வாழ்கிறார்கள். அதற்காகப் போன ஆவியைப் போகட்டும் என்று விட்டுவிடவும் மாட்டார்கள். பூசை செய்கிற பெண்ணை அங்கே மம்போ என்பார்கள். மம்போ சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பையை ஆட்டி, தண்ணீரைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். ஆவி எழுந்து வந்து கோவி என்கிற மண்ஜாடிக்குள் புகுந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்த ஜாடிதான் வீட்டுக்குப் பெரியவர். நல்லது கெட்டது கேட்டால் சொல்லும். ஐந்து தலைமுறை போனாலும் அலுக்காமல் சொல்லும்.

ஆனால் எப்போது கூப்பிடுவது என்பதற்கு அப்போது ஒரு வரைமுறையும் கிடையாது. அவசரக்காரர்கள் மறுநாளே ஜாடியோடு வருவார்கள். சோம்பேறிகள் பத்து வருஷம் கழித்து வருவார்கள். பெரும்பாலும் வயசாகிப் பாயில் படுத்து, "கோழிக்குத் தீனி போட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடினவர்கள்தான் ஜாடிக்குள் வந்தார்கள். அவர்களும் சாந்தமாகத்தான் பேசினார்கள். அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. தெரிந்தது அசேபிக்குத்தான்.

அசேபிக்கு ஒரு தம்பி, பேர் ஒனேல். அவனைப் பெற்றுப் போட்ட அன்றே தாய் போய்விட்டாள். அப்போது அசேபிக்குப் பன்னிரண்டு வயசு. இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "இவன் நடக்கட்டும்" என்றாள், "இவனுக்கு மீசை முளைக்கட்டும்" என்றாள், பிறகு வருகிறவர்கள் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. ஒனேல் வளர்ந்து மேளக்காரன் ஆனான். சுற்றுப்பட்டு மலைகளில் அவன் கைக்கு ஈடு கிடையாது. அங்கே தெய்வங்களை லோவா என்பார்கள். மேளம் சரியாக விழுந்தால்தான் லோவா ஆள்மேல் இறங்கும். ஒனேல் அடித்தால் சாமி வர யோசித்துக்கொண்டு நிற்காது என்று சொல்வார்கள்.

அந்த ஊரில் மேளம் என்பது வெறும் மரமும் தோலும் இல்லை. பேர் வைப்பார்கள், துணி உடுத்துவார்கள், வருஷத்துக்கு ஒருமுறை சோறு படைப்பார்கள். ஒனேலின் மேளத்துக்கும் பேர் இருந்தது. அறுவடைப் பூசைக்கு முதல் நாள் காலையில் அதை முற்றத்தில் காயவைத்துவிட்டு, "அக்கா, வானம் கறுத்தா உள்ள எடுத்து வை" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனான்.

அசேபி சரி என்றுதான் சொன்னாள். பிறகு லொரீஸ் வீட்டுப் பக்கம் போனாள். லொரீஸ்தான் அந்த ஊர் மம்போ, அசேபியோடு ஒன்றாக விளையாடி வளர்ந்தவள். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் பேச்சுக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததில் வானம் கறுத்ததைப் பார்க்கவில்லை. மழை கொட்டின பிறகுதான் ஞாபகம் வந்து ஓடினாள். அதற்குள் தோல் ஊறித் தொங்கி, விளிம்பில் பிய்ந்துவிட்டது.

ஒனேல் வந்து பார்த்தான். பெற்ற பிள்ளையை மழையில் போட்டுவிட்டுப் போனவளைப் பார்ப்பதுபோல் அக்காவைப் பார்த்தான்.

"வானம் கறுத்தா எடுத்து வைன்னு சொன்னேனா இல்லையா?"

தப்புச் செய்தவளுக்கு வெட்கம் வந்தால் சில சமயம் அது கோபமாகத்தான் வெளியே வரும். "ஒரு தோல் போனா என்னடா? ஊர்ல வேற ஆடே இல்லையா?" என்றாள் அசேபி.

"ஆடா? நாளைக்குப் பூசைடி! நீ எனக்கு அக்காவே இல்ல. இனி உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்."

அக்காவை 'டி' போட்டு அவன் பேசினது அதுதான் முதல் தடவை. கொட்டுகிற மழையில், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வேறு தோல் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். காட்டாற்றைத் தாண்டும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுநாள் பாறையிடுக்கில் கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள்.

புதைத்த மண் காயவில்லை, மூன்றாம் நாளே அசேபி லொரீஸ் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அவனைக் கூப்பிட்டுக் குடுடி."

"இப்பவேவா? அழுத கண்ணு கூட காயலையே அசேபி."

"தப்பு என்மேலதான்னு அவன்கிட்ட சொல்லணும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம எனக்குச் சோறு இறங்காது."

பேச்சு வளர்ந்தது தன் வீட்டில்தானே என்று லொரீஸுக்கும் மனசு உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளை உடுத்திக்கொண்டு சுனைக்கு வந்தாள். தரையில் சோளமாவால் கோலமிட்டாள். முதலில் வாசல் காக்கும் லெக்பாவைக் கும்பிட்டு வழி கேட்டாள். நம் பக்கத்தில் பிள்ளையாரைக் கும்பிடாமல் எதையாவது தொடங்குவோமா, அதே மாதிரிதான். மூன்று தடவை தண்ணீர் தெளித்தாள். கிலுகிலுப்பையை ஆட்டி, "ஒனேல்" என்று கூப்பிட்டாள். அவன் வந்தான். சட்டென்று வந்தான். ஜாடி கனத்தது.

அசேபி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளைத்துணி விரித்து வைத்தாள். எதிரே மண்டியிட்டு, "தம்பி, தப்பு என்மேலதான்டா. நனைய விட்டது நான்தான்" என்றாள்.

ஜாடி பேசியது. "நீ எனக்கு அக்காவே இல்ல. இனி உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்."

கோபம் இன்னும் ஆறவில்லை, பாவம், என்று நினைத்தாள். மறுநாளும் சொன்னாள். மறுநாளும் ஜாடி அதையே சொன்னது. சின்ன வயசில் அவனைத் தூங்கப்பண்ணப் பாடின பாட்டைப் பாடினாள். அதற்கும் அதே பதில். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. கல்யாணத்துக்கு நாள் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் ஜாடி, "நீ எனக்கு அக்காவே இல்ல" என்றது. அவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள்.

இரண்டு மாதம் அசேபி அதைக் கேட்டாள். தன்னைத் திட்டுகிறானே என்பது பழகிப்போய்விட்டது. வேறொன்றுதான் அவளைத் தின்றது. நான் செத்த பிறகும் இந்த ஜாடி இருக்குமே. என் தம்பி சிரித்ததையும் மேளம் அடித்ததையும் பார்த்தவர்கள் எல்லாரும் போய்விடுவார்களே. அதற்குப் பிறகு பிறக்கிற பிள்ளைகளுக்கு ஒனேல் என்றால் இந்த ஏச்சு மட்டும்தானே மிஞ்சும். ஒரு நாள் காலையில் ஜாடியைத் தூக்கிக்கொண்டு சுனைக்கு வந்துவிட்டாள்.

நண்டு வளை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "என்னம்மா, இன்னும் இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரியறே? கழுதை வயசாச்சே பையனுக்கு" என்றது.

அசேபிக்கு அழுகை வந்துவிட்டது. "நண்டாரே, உமக்கு உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும். என் தம்பிக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லும்."

அவள் அழுததைப் பார்த்து நண்டின் குரல் கொஞ்சம் இறங்கியது. "செத்தவன் தண்ணிக்குள்ள இறங்கும்போது கடைசி நாளை மேலே போர்த்திக்கிட்டுத்தான் இறங்குவான். நிம்மதியா செத்தவனுக்குக் கவலையில்ல. கோபத்தோட செத்தவன்மேல கோபம் ஓடு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். அதைத் தண்ணிதான் மெல்ல இளக்கணும். நீ மூணாம் நாளே பிடிச்சு இழுத்துட்டே. வந்தது கோபம்தான். தம்பி வரல."

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"திரும்ப உள்ள விட்டுடு."

"விட்டா மறுபடி வருவானா?"

பதிலுக்கு யோசித்தது என்றால் நண்டு அன்றைக்குத்தான் யோசித்தது. "தெரியாது. கூப்பிட்டவனைத் திரும்ப விட்டவங்க இதுவரைக்கும் யாருமில்ல. கீழே கினேக்கு வழி திறந்தேதான் கிடக்கு. பாட்டன்மார் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா, அப்புறம் நீ தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது."

"எத்தனை நாள் விடணும்?"

"ஒரு மழைக்காலம் போகட்டும், ஒரு வெயில்காலம் போகட்டும். அவன் செத்த நாள்ல இருந்து ஒரு வருஷம் கணக்கு வை. அது வரைக்கும் இங்கே வந்து அவன் பேரைச் சொல்லிப் புலம்பாதே. நீ கூப்பிட்டா அவன் கரையைத் திரும்பிப் பார்ப்பான். பார்த்துக்கிட்டே நின்னா எப்படி இளகும்?"

ஏச்சானாலும் ஜாடியில் இருப்பது அவன் குரல். கவிழ்த்துவிட்டால் அதுவும் போகும். அசேபி ஜாடியைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தண்ணீர் விளிம்பில் இறங்கி அதைச் சாய்த்தாள். "நீ எனக்கு அக்காவே இல்ல" என்று தொடங்கின குரல் பாதியில் தண்ணீருக்குள் போனது.

அந்த வருஷத்தின் மிச்சத்தை அவள் எப்படித் தள்ளினாளோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். ஊர் சும்மா இருக்குமா? "கொன்னதும் இல்லாம தொலைச்சும் போட்டா" என்றார்கள். கிணற்றடியில் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். லொரீஸ் மட்டும் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். தூக்கத்தில் தம்பி பேரைச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து அசேபி வாயில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

வருஷம் முடிந்தது. அவன் செத்த அதே நாள் வந்தது. காலையில் ஊரே வெள்ளை உடுத்திக்கொண்டு சுனைக்கரையில் கூடிவிட்டது. ஏசினவர்களும் வந்தார்கள், வருவானா பார்ப்போம் என்று. லொரீஸ் கோலமிட்டு, லெக்பாவிடம் வழி கேட்டு, மூன்று தடவை தண்ணீர் தெளித்தாள். கிலுகிலுப்பையைக் கையில் எடுத்தாள். இன்னும் ஆட்டவில்லை, அதற்குள் தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா! என்னை இழு!"

கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. "கூப்பிடாமலே வந்துட்டான்!" அசேபிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்கா என்றல்லவா கூப்பிட்டான்! ஜாடியை எடுத்துக்கொண்டு ஓடினாள். தண்ணீர் விளிம்பில் குனிந்தபோதுதான் நண்டைப் பார்த்தாள். அதன் முதுகு பிளந்து கிடந்தது. பாதி உடம்பு பழைய ஓட்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு வேண்டாம்" என்றது. குரலே எழும்பவில்லை.

"என்ன வேண்டாம்? ஒரு வருஷம்னு நீர்தானே சொன்னீர்?"

"சொன்னேன். அரைகுறையாச் சொல்லிட்டேன், என் புத்தியைச் செருப்பால அடி. என்னைப் பாரு. ஓடு கழட்டுற நாள் இது. கழண்டாச்சுன்னு நெனச்சு இப்ப யாராவது தூக்கினா, ஓட்டோட காலும் பிய்ஞ்சு வந்துடும். அவனும் இன்னிக்கு இப்படித்தான் கிடக்கான். செத்த அதே நாள் திரும்பி வந்திருக்கு. அவன் அதுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வரணும். இன்னிக்கு இழுத்தே, பாதி தம்பியும் பாதி கோபமுமாத்தான் வருவான். அதுக்கப்புறம் அதை ஒருத்தராலயும் பிரிக்க முடியாது."

தண்ணீருக்குள் குரல் உயர்ந்தது. "அக்கா, பாட்டன்மார் வந்துட்டாங்க! என் கையைப் பிடிக்கிறாங்க! இழு அக்கா!"

இழுத்தால் பாதித் தம்பி. இழுக்காவிட்டால் ஒரேயடியாகப் போய்விடலாம். பின்னால் ஜனங்கள் கத்தினார்கள். "இழுடி! என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே?" லொரீஸே பொறுக்கமாட்டாமல், "தள்ளு அசேபி, அவனே கேக்கறான்" என்று ஜாடியைப் பிடிக்க வந்தாள்.

அசேபி ஜாடியை வாங்கவிடவில்லை. வாய்ப்பக்கத்தைத் தன் வயிற்றோடு அழுத்தி, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்கு இல்ல" என்றாள்.

"பைத்தியக்காரி!" என்றார்கள். ஒருவர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் அசையவில்லை.

அப்போது தண்ணீருக்குள் குரல் மாறியது. கெஞ்சல் போய்க் கோபம் வந்தது.

"வானம் கறுத்தா எடுத்து வைன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே" என்றாள் அசேபி.

"மேளம் நனைஞ்சுதா இல்லையா?"

"நனைஞ்சுது. நான்தான் நனைய விட்டேன். பேசிக்கிட்டு உக்காந்துட்டேன்டா."

"நீ எனக்கு அக்காவே இல்ல. இனி உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்."

"சரிடா" என்றாள். ஆட்டையும் தோலையும் பற்றிப் பேசவில்லை. சரிடா என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளத்தின் இரைச்சல் வந்தது. சுனைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது, ஆனால் அடியிலிருந்து காட்டாறு புரண்டு வருகிற சத்தம் கேட்டது. அவன் கத்தினான். பாறையில் மோதினான். மறுபடி கத்தினான். கூட்டத்தில் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அசேபி காதைப் பொத்தவில்லை, பொத்தினால் கையை ஜாடியிலிருந்து எடுக்கவேண்டுமே. தம்பி சாவதை முழுக்கக் கேட்டாள். அவனை விட்டுத் தான் எங்கும் போகவில்லை என்பது மட்டும்தான் அன்று அவளால் முடிந்தது. லொரீஸ் பின்னாலிருந்து அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது சத்தம் அடங்கியது. தண்ணீர் வெறும் தண்ணீராகக் கிடந்தது.

"போயிட்டான்" என்றார் ஒருவர். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். இரண்டு பெண்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள்.

விடிந்தபோது நண்டு பழைய ஓட்டை விட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. புதுத் தோல் வெளிறி, மெத்தென்று இருந்தது. லொரீஸ் எழுந்து கிலுகிலுப்பையை எடுத்தாள். அதை ஆட்டினாள்.

"ஒனேல்" என்று கூப்பிட்டாள். தண்ணீர் அசையவில்லை.

"ஒனேல்." ஒன்றுமில்லை.

லொரீஸ் திரும்பி அசேபியைப் பார்த்தாள், கண்ணில் நீரோடு. அசேபி எழுந்தாள். ஜாடியைச் சாய்த்த நாளிலிருந்து சொல்லாத பேர் அது, நாக்கு மறந்திருக்குமோ என்று பயந்தாள். "ஒனேல், வாடா" என்றாள்.

தண்ணீர் மெல்ல வளையமிட்டது. அதிலிருந்து குரல் வந்தது, நன்றாகத் தூங்கி எழுந்தவன் பேசுவதுபோல் நிதானமாக.

"அக்கா... என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே?"

ஒரு வருஷமாக மனசுக்குள் மன்னிப்பை அடுக்கி அடுக்கி வைத்திருந்தாள் அசேபி. அதைக் கேட்க வேண்டிய கோபக்காரன் அங்கே இல்லை. அங்கே இருந்தது அவள் தம்பி மட்டும்தான். "ஒண்ணுமில்லடா" என்று சொல்லி ஜாடியை நீட்டினாள். அது கனத்தபோது தரையில் விழுந்து, ஊருக்கே கேட்கும்படி கதறி அழுதாள்.

அன்று முதல்தான் அந்தத் தீவில் செத்தவர்களை ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்ணீருக்குள் விட்டுவைத்து, அதற்குப் பிறகே ஜாடிக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த வருஷம் தண்ணீர் தன் வேலையைச் செய்வதற்கு. அந்த ஒரு நாள், கரையில் இருக்கிறவர் தன் கையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு.